நூற்பாலை வாசலில் இருபது நிமிடம்

நூற்பாலையின் கொள்முதல் துணை மேலாளர் ஏகாம்பரத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று. பெயர் ஜெசிந்தா. அதே ஆலையின் சோதனைக்கூடத்தில் நூலின் முறுக்கை அளப்பவள்.

சர்க்கரைக்குப் பயந்து காரிலிருந்து சைக்கிளுக்கு வந்தவர் ஏகாம்பரம். இருக்கையை எந்த உயரத்தில் வைப்பது, மேட்டில் எப்படி மூச்சு விடுவது எல்லாம் அவள் கற்றுத் தந்தது. அவர் அவளைக் "குருவே" என்பார். அவள் அவரை "சார்" என்பாள். இரண்டிலும் கொஞ்சம் கேலி உண்டு.

ஒரு மாலை சைக்கிள் கொட்டகையில் அவர் சொன்னார்: "குருவே, நாளையிலிருந்து காருக்கே போயிடறேன்."

"சர்க்கரை குறைஞ்சுதுன்னீங்களே?"

"குறைஞ்சுது. வாசல்தான் தாங்கல."

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு: சைக்கிளில் வருவோர் இறங்கித் தள்ளிச் செல்லவும். காரும் பைக்கும் ஓட்டிக்கொண்டே போகலாம். காரணம் எழுதப்படவில்லை. எப்போதோ ஒரு சைக்கிள் மோதி ஏதோ உடைந்ததாம். உடைந்தது பூந்தொட்டி என்றும் முதலாளியின் மூக்குக்கண்ணாடி என்றும் இரண்டு பாடபேதங்கள் உண்டு.

"பதினெட்டு வருஷம் எனக்கு சல்யூட் அடிச்ச காவலாளி சென்னியப்பன், 'ஏப்பா, எறங்கு எறங்கு'ங்கறான். ஹெல்மெட்டைக் கழட்டினேன். 'ஐயா, நீங்களா'ன்னு பதறினான். அப்புறம், 'இருந்தாலும் எறங்கிருங்க'ன்னான்."

"எறங்கினீங்களா?"

"ஜி.எம். மேஜையில என் பதவி உயர்வு ஃபைல் இருக்கு. எறங்காம? நீங்களும் ரெண்டு வருஷமா தள்ளிக்கிட்டுத்தானே போறீங்க?"

"நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க சார்."

"வேலை எட்டரைக்குத்தானே?"

"வாங்க."

மறுநாள் எட்டு மணிக்கு ஜெசிந்தா வாசலின் நடுவில் சைக்கிளை நிறுத்தினாள். ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். பின்னால் வந்த ஏகாம்பரம் பழக்க தோஷத்தில் இறங்கிவிட்டார்.

"எறங்குங்க அம்மிணி," என்றான் சென்னியப்பன்.

"ஏன்னு சொல்லுங்கண்ணா, எறங்கறேன்."

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சவங்களைக் கேளுங்க. நிக்கறேன்."

அவன் உள்ளே தொலைபேசியில் கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை.

"டீ குடிக்கறீங்களா அம்மிணி?"

"ஆச்சுங்கண்ணா."

இது தினமும் நடப்பது என்று ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் புரிந்தது. எட்டு இருபதுக்குப் பஞ்சு லாரி வரும். லாரிக்கு வழிவிட வேண்டுமே என்று சென்னியப்பன், "போங்க, போங்க" என்பான். அவள் ஓட்டிக்கொண்டே உள்ளே போவாள்.

அன்று லாரிக்கு முன்னால் ஜி.எம்.மின் கார் வந்தது. நாலு முறை ஹாரன் அடித்தது. பிறகு கதவு திறந்தது.

"என்னம்மா இது? போர்டு படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க சார். ஏன் எறங்கணும்னுதான் எழுதல. ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

ஜி.எம். சென்னியப்பனைப் பார்த்தார். அவன் பலகையைப் பார்த்தான். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

"ஏகாம்பரம், நீங்க எங்க இங்க?"

ஏகாம்பரம் கையில் சைக்கிளோடு நின்றார். அந்த ஃபைலை நினைத்தார். பிறகு காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கும் காரணம் தெரியல சார். அதான் நிக்கறேன்."

பின்னால் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. காரணம் ஜி.எம்.முக்கும் தெரியவில்லை. காரை டிரைவரிடம் விட்டுவிட்டு, வாசலைத் தாண்டி நடந்தே உள்ளே போனார்.

"போங்க, போங்க," என்றான் சென்னியப்பன். ஏகாம்பரத்தைப் பார்த்ததும் அவன் கை பாதி உயர்ந்தது. பிறகு தலையைச் சொறிந்தது.

கொட்டகையில் ஏகாம்பரம் சாவியைத் தலைகீழாக நுழைத்துத் திருகினார். பூட்டு பூட்டிக்கொள்ளவில்லை.

"குருவே, பதவி உயர்வு போச்சு."

"போயிருக்கும் சார்."

"போர்டும் அங்கேயேதான் இருக்கு."

"இருக்கு."

"அப்போ நாளைக்கு?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்த பூட்டை வாங்கிப் பூட்டினாள்.

"பத்து நிமிஷம் முன்னாலயே வந்துருங்க சார். இனி ரெண்டு பேர் நிக்கணும்."