டென்சிங் வாசித்த கேசட்

வியாசர்பாடி கேரம் கிளப்பில் டென்சிங் வாயைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும். ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். நம்புவதற்காக அல்ல, இன்றைக்கு எதுவரை போவான் என்று பார்ப்பதற்காக.

அன்று மத்தியானம் விஷயம் கொஞ்சம் பெரிசு. கிளப்பின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா நோட்டீஸ் சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. செயலாளர் குணாளன் மேடை விருந்தினர் பட்டியலில் கடைசி இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அந்த மேடைக்கு வருஷா வருஷம் நாற்காலி போடுகிறவன் டென்சிங். ஒருதடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. இந்த முறை உட்கார்ந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"எழுதிக்கோ குணா. 'நாலாவது பிளாட்பாரம்' ராக் பேண்டோட 'கேட் மூடியாச்சு' ஆல்பத்துல கிட்டார் வாசிச்ச டென்சிங்."

முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேசட் மெட்ராஸையே ஓர் ஆட்டு ஆட்டியது உண்மை. அது பாடாத டீக்கடை கிடையாது. டென்சிங் அதில் வாசித்தான் என்பதுதான் அவனைத் தவிர யாருக்கும் தெரியாத செய்தி.

"போன வாரம் டிரம்ஸுன்னு சொன்னியேண்ணா" என்றாள் மெர்லின். மாவட்டக் கோப்பை வாங்கியவள். காயையும் விடமாட்டாள், ஆளையும் விடமாட்டாள்.

"டிரம்ஸு காலால. கிட்டாரு கையால. வாயி சும்மாத்தானே இருக்குதுன்னு பாடியும் வுட்டேன்."

"அப்ப பேண்டுல மத்தவங்க இன்னா பண்ணாங்க?"

"பயந்துகினு நின்னாங்க."

குணாளன் பேனா மூடியைக் கழற்றினார். அதைப் பார்த்ததும் டென்சிங்குக்கு உச்சி குளிர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தால் அவன் டென்சிங் இல்லையே.

"நான் வாசிச்ச வேகத்துல கம்பி செவந்து போச்சு. புரொடியூசர் அதுலதான் சிகரெட் பத்த வச்சாரு. பேஸ் கிட்டார தொட்டேன் பாரு, பக்கத்துத் தெரு பால் பூத்துல இருந்த பாலெல்லாம் தயிராயிடுச்சு. ஜனங்க மோருக்கு லைன்ல நின்னுச்சுங்க."

"எத்தினி கேசட்டு வித்துச்சு?" என்றார் குணாளன்.

"அத கேக்காத. ஊரே பென்சில வுட்டு டேப்ப சுத்துச்சா, மெட்ராஸ்ல பென்சிலே கெடைக்கல. பத்தாங்கிளாஸ் புள்ளைங்க ஜியாமெட்ரிய பேனாவுல போட்டுச்சுங்க. ஒரு ஞாயித்துக்கிழம, எல்லாரும் ஒரே நேரத்துல ரீவைண்ட அமுக்கிட்டாங்க. அரக்கோணம் தாண்டிப் போன கோயமுத்தூர் வண்டி அப்படியே பின்னாலயே ஓடி வந்து பேசின் பிரிட்ஜுல நின்னுச்சு. பிரயாணிங்க எறங்கி வூட்டுக்குப் போயி, காலையில துன்ன இட்லிய மறுபடியும் துன்னாங்க."

மெர்லின் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய கேசட் டப்பாவை எடுத்து, அட்டையை விரித்தாள். "எங்க மாமா வச்சிருந்தது. பின்னால பேரெல்லாம் போட்டிருக்குது."

அந்த அட்டை இன்னும் உலகத்தில் பாக்கி இருக்கும் என்று டென்சிங் நினைக்கவேயில்லை.

கிட்டார் யாரோ. டிரம்ஸ் யாரோ. பேஸ், பாட்டு எல்லாம் யாரோ. மெர்லின் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கடைசி வரியைப் படித்தாள். "ஃபேன் சுவிட்ச், டென்சிங்."

கிளப்பே குலுங்கிச் சிரித்தது. குணாளன் பேனாவை மூடினார்.

டென்சிங் போர்டில் கிடந்த பவுடரை விரலால் கொஞ்ச நேரம் தேய்த்தான். அவமானமாகத்தான் இருந்தது.

"அந்த ஸ்டூடியோ ஃபேனு கடகடன்னு கத்தும். ஓடுனா மைக்குல ஏறிடும். ஒவ்வொரு டேக்குக்கும் நிறுத்தணும், முடிஞ்சா போடணும். மே மாசம், நாப்பத்தோரு டேக்கு. சுவிட்சுலேர்ந்து கைய எடுக்கல நானு." குரல் இறங்கித்தான் போயிருந்தது. ஆனால் ஆள் மெல்ல நிமிர்ந்தான். "மூணாவது பாட்டு ஞாபகம் இருக்குதா? நடுவுல கிட்டாரு, டிரம்ஸு எல்லாம் நின்னு, மூணு செகண்டு சத்தமே இருக்காது. அதுக்குத்தானே ஊரே கைதட்டுச்சு?"

"ஆமா" என்றாள் மெர்லின். அதை அவளால் மறுக்க முடியவில்லை.

"அது நான் வாசிச்சது."

யாரும் சிரிக்கவில்லை. குணாளன் மறுபடியும் பேனா மூடியைக் கழற்றி, காலியிடத்தில் டென்சிங் பெயரை எழுதினார்.

"மேடையில நாற்காலி உண்டுபா. ஃபேன் சுவிட்சாண்ட போட்டுக்கோ."