மழை முரசும் சோற்று மணியும்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் என் வாயைப் பிடுங்காதீர்கள், சேந்தவர்மர் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். தங்கமான மனிதர். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

அவர் அரண்மனையில் மழை முரசு என்று ஒன்று இருந்தது. அது முழங்கிய அன்றே மழை கொட்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டு ஆவணி பிறந்தும் ஒரு துளி விழவில்லை. "முரசை அடியுங்கள், மழை வரட்டும்!" என்றார் அரசர். முரசறையும் பறம்பன் ஐந்து நாள் விடாமல் அடித்தான். கை கொப்புளித்ததுதான் மிச்சம்.

"அரசே, முரசில் குறையில்லை. அடிக்கிறவன் நெஞ்சில் பக்தி இல்லை. இவனைப் பிள்ளைகுட்டியோடு நாடு கடத்த வேண்டும்" என்றார் மந்திரி மாறப்பர். "ஆமாம், ஆமாம்!" என்றது சபை. அந்தச் சபைக்கு அதுதானே வேலை!

விகடகவி நல்லசாத்தனுக்கு மனசு கேட்கவில்லை. பறம்பன் வீட்டுக்குப் போனான். அங்கே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முரசை எப்போது அடிப்பாய் பறம்பா?"

"மேற்கு மலையில கருமேகம் இறங்கினா அடிக்கணும் சாமி. களத்துல நெல்லு காயப்போட்டவங்க வாரிக்கணும்ல? எங்கப்பன் சொல்லிக்கொடுத்தது."

"இதைச் சபையில் சொன்னாயா?"

"என்னை யாருங்க கேட்டாங்க?"

நல்லசாத்தன் நேரே சபைக்குப் போய், "முரசால் மழை வருவதில்லை, அரசே" என்றான். அரசர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது மாறப்பருக்கு நெடுநாளாகக் கண்ணை உறுத்தியது. இதுதான் சமயம் என்று எழுந்தார். "நாளை அந்திக்குள் இவர் அதை நிரூபிக்கட்டும். இல்லையேல் பறம்பனோடு இவரும் எல்லை தாண்டட்டும்!"

அரசர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். "சம்மதம், அரசே. நாளை ஒரு வேளை மட்டும் மடைப்பள்ளி என் பொறுப்பில் இருக்கட்டும்" என்றான் நல்லசாத்தன்.

மறுநாள் உச்சியில் சோற்று மணி அடித்தது. அரசரும் சபையாரும் இலைமுன் வந்து உட்கார்ந்தார்கள். இலை வெறுமையாக இருந்தது. நல்லசாத்தன் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

"சோறு எங்கே?"

"வரும், அரசே. மணி அடித்தால் சோறு வரும் என்பது நம் அரண்மனை அனுபவம். என் கையில் பக்தி போதவில்லையோ என்னவோ, மந்திரியார் அடித்துப் பார்க்கட்டும்."

பசி யாரை விட்டது? மாறப்பர் ஓடிப்போய் வியர்க்க விறுவிறுக்க அடித்தார். ஒரு பருக்கைகூட வரவில்லை. அரசருக்குப் பொறுமை போய்விட்டது. "மடையர்களா! சோறு வெந்தால் மணி அடிப்பார்கள். மணி அடித்தால் சோறு வேகுமா?"

"முரசும் அப்படித்தான், அரசே. மலையில் மேகம் இறங்கினால் பறம்பன் அடிப்பான். அவன் அடிப்பதால் மேகம் இறங்குவதில்லை."

அரசர் தாடியைத் தடவினார். "உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் உவமை சாட்சியாகாதே?"

இந்தக் கேள்வி நல்லசாத்தனுக்கு மெத்தப் பிடித்தது. மாறப்பர் பக்கம் திரும்பி, "சென்ற ஐப்பசியில் உங்கள் வைக்கோற்போர் நனைந்து அழுகியது எப்படி?" என்று கேட்டான்.

மாறப்பருக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. "எப்படியா? இந்தப் பறம்பன், தன் மகள் கலியாணம் என்று பத்து நாள் ஊருக்குப் போய்விட்டான். முரசுச் சத்தமே இல்லை, மழை பாட்டுக்குக் கொட்டித் தீர்த்தது..." அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

"முரசு இப்போது முழங்கியது, மழை வரவில்லை. அப்போது முரசு முழங்கவில்லை, மழை வந்தது. இரண்டுக்கும் இந்தச் சபையே சாட்சி, அரசே."

அரசர் வெட்கத்தோடு சிரித்துவிட்டார். பறம்பனின் கைக்கு அரண்மனை மருந்தும் வீட்டுக்கு அரிசி மூட்டைகளும் அன்றே போய்ச் சேர்ந்தன.

"அது சரி, மழை எப்போது வரும்?" என்று கேட்டார் அரசர்.

"தெரியாது, அரசே."

"இந்தச் சபையில் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீதான்!" என்று தம் தங்கக் கடகத்தைக் கழற்றி அவன் கையில் மாட்டினார்.

மறுநாள் காலை அரசர் சபைக்கு வந்ததும், "மாறப்பரே, சாப்பிட்டாயிற்றா?" என்று விசாரித்தார்.

"தெரியாது, அரசே!" என்று மாறப்பர் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் சபை முழுவதும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. கிரீடம் நழுவி மடியில் விழுந்ததுகூடத் தெரியாமல் அரசர் சிரித்தார்; இன்னொரு கடகத்தையும் கழற்றி நல்லசாத்தனுக்கே கொடுத்தார்.