காத்திருக்காத பிள்ளை

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. யோகாம்பிகை அம்மாவுக்கு நாற்பது இருக்கும். கல்லூரியில் மனோதத்துவம் நடத்தி ஓய்வு பெற்ற குலசேகரனுக்கு அறுபது நெருங்குகிறது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் படிக்காத புத்தகம் கிடையாது. அதனால் ஆசிரமத்துப் பள்ளிக்கூடத்தில் யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்கிற பொறுப்பை அம்மா அவரிடமே விட்டிருந்தார். இடம் கொஞ்சம், வந்து நிற்கிற பிள்ளைகள் நிறைய.

அன்று குலசேகரன் மூக்குக்கு மேல் கோபத்தோடு வந்து நின்றார்.

“அந்தச் செவ்வந்தியைத் திருப்பி அனுப்பணும்மா.”

“யாரு, அத்தைகூட வந்திருக்கே, அந்தப் பிள்ளையா? என்ன பண்ணுச்சு?”

“மிட்டாயைத் தின்னுட்டுது.”

அம்மா அவரையே பார்த்தார்.

அது குலசேகரன் வைத்த சோதனை. வருகிற பிள்ளைக்கு முன்னால் ஒரு கடலை மிட்டாயை வைப்பார். “நான் வெளியே போயிட்டு வர்றேன். அதுவரைக்கும் தின்னாம இருந்தா இன்னும் மூணு தருவேன்” என்பார். காத்திருக்கிற பிள்ளை தேறும், காத்திருக்காதது தேறாது. ஆறு வயதுச் செவ்வந்தியோ, அவர் வாசல்படி தாண்டுவதற்குள் கடக்முடக்கென்று மென்று முடித்துவிட்டாள். ஏன் தின்றாய் என்று கேட்டதற்கு வாயைத் துடைத்துக்கொண்டு அவரை முறைத்தாள். அந்த முறைப்பைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

“ஒரு மிட்டாய்தானே ஐயா?”

“மிட்டாய் இல்லம்மா, குணம். பிள்ளை மனசு ஈரச் சிமெண்டு. அஞ்சு வயசுக்குள்ள இறுகிடும். அப்புறம் ஆணி அடிச்சாலும் இறங்காது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க?”

“அத்தை என்ன சொல்றாங்க?”

“அதைக் கேட்டா இன்னும்தான் பத்திக்கிட்டு வருது. பெத்தவ பஸ் ஸ்டாண்டுல இதை உக்கார வச்சு, ‘இங்கேயே இரு, பன் வாங்கிட்டு வர்றேன்’னு போனவளாம். போனவ போனவதான். அன்னையில இருந்து ‘ஆத்தா நாளைக்கு வந்துருவா, நாளைக்கு வந்துருவா’ன்னு சொல்லிச் சொல்லித்தான் இதுக்குச் சோறு ஊட்டுறாங்களாம். தாயைப் போல பிள்ளை. வேற எப்படி இருக்கும்?”

“சரி, நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுக்குப் போகட்டும்” என்றார் அம்மா. எழுந்து போகிற போக்கில், “ஐயா, உபதேசம் வேணும் வேணும்னு கேட்டுட்டிருந்தீங்களே. காலையில குளிச்சிட்டு, எதுவும் சாப்பிடாம மாமரத்தடியில உக்காருங்க. வந்து தர்றேன்.”

குலசேகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து இதற்குத்தானே தவம் கிடக்கிறார். விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. அம்மா வரவில்லை. செவ்வந்தியின் அத்தைதான் வந்தாள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு.

“சாமி, மிட்டாயைத் திங்கத்தான குடுத்தீக?”

“உனக்கு அதெல்லாம் புரியாதும்மா.”

“புரியத்தான் இல்ல. பச்சப்புள்ள முன்னால பண்டத்த வச்சுட்டு, தின்னா குத்தம்னா அது என்ன நாயம்? எனக்கே மூணு புள்ளைக கெடக்கு. கல்லு ஒடைக்கிற எடத்துல இவள எங்கிட்டு விடுவேன்? இங்கன இருந்தா நாலு எழுத்துப் படிச்சுப் பொழச்சுக்கிடும்னுதான கொண்டாந்தேன்.”

குலசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். உபதேசம் வாங்க உட்கார்ந்திருப்பவர் வாக்குவாதம் பண்ணலாமா? அத்தை முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணைத் திறந்தபோது, தோட்டத்தில் அம்மா கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. விறுவிறுவென்று போனார்.

“அம்மா, உபதேசம்.”

“அட, மறந்தே போச்சு ஐயா. மத்தியானம் கண்டிப்பா தர்றேன். அதுவரைக்கும் பட்டினியாவே இருங்க.”

“பரவாயில்லம்மா” என்றார் குலசேகரன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மத்தியானம் அடுக்களையிலிருந்து வெங்காய சாம்பார் வாசம் வந்தது. அப்பளம் பொரிகிற சத்தம் வந்தது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள். அம்மாவும் சாப்பிட்டு, கை துடைத்துக்கொண்டே மாமரத்தைத் தாண்டித் தன் அறைக்குப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்ப் படுத்தவர் எழுந்து வர வெயில் தாழ்ந்துவிட்டது. குலசேகரன் வழியை மறித்தார்.

“என்னம்மா இது?”

“சாப்பிட்டதும் கண்ணை அசத்திடுச்சு ஐயா. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. சாயங்கால பஸ் வர்றதுக்குள்ள கட்டாயம் தர்றேன்.”

சொல்லிவிட்டு அம்மா நடந்தார். எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனுஷன், அவரை இப்படியா பொம்மையாட்டம் ஆட்டுவது? குருவாவது மண்ணாங்கட்டியாவது என்று குலசேகரன் நேரே அடுக்களைக்குப் போனார். தட்டை எடுத்தார். ஆறிப்போன சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றி, பிசைந்தும் பிசையாமலும் அள்ளி அள்ளித் தின்றார்.

அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

“என்ன ஐயா, சாப்பிட்டுட்டீங்க? கொஞ்சம் பொறுத்திருந்தா உபதேசம் கிடைச்சிருக்குமே.”

“கிடைச்சிருக்கும், கிடைச்சிருக்கும்.”

“பொறுமை போதலை. குணமே அப்படியோ என்னவோ. அஞ்சு வயசுக்குள்ள இறுகினதா இருக்கும்.”

குலசேகரன் தட்டைத் தள்ளிவிட்டார்.

“என் குணத்துக்கு என்னம்மா குறைச்சல்? விடியக்காலையில இருந்து மரத்தடியில காத்துக் கிடந்தவன் நான். வர்றேன்னு சொல்லிட்டு வராம போனது நீங்க. ஏமாத்தினவங்களே மறுபடியும் வந்து காத்திருன்னு சொன்னா எவன் நம்புவான்? கையில கிடைச்சதைத் தின்னுட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்.”

மலை வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே செவ்வந்தியின் அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அம்மா அவர்களைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

“நான் ரெண்டே ரெண்டு தடவைதானே ஐயா ஏமாத்தினேன்.”

குலசேகரன் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடினார்.