வளர்த்துக் காட்டச் சொன்ன மான்

படித்தவர் சொல்லிவிட்டால் கிழட்டு மான்கூடக் குட்டியாகிவிட வேண்டுமாம்!

அருங்காட்சியகத்துக்குப் புது இயக்குநராக வந்த முனைவர் வேதமூர்த்தி, கல்லூரி மாணவர்கள் சூழ, தென் அமெரிக்க அலமாரியிலிருந்து ஒரு மண்டையோட்டை எடுத்தார். 'புடு, மிகச் சிறிய மான் இனம்' என்றது சீட்டு.

"ஒரு சாண்கூட இல்லை, இது தனி இனமாம்! ஏதோ பெரிய மானோட குட்டி இது." சீட்டைப் பிய்த்தெடுத்து, பக்கத்தில் துடைக்கும் துணியோடு நின்றவளிடம் சொன்னார்: "வரைபடத்துல இது வாழுற இடம்னு பெரு நாட்டு மலைமேல இருக்கிற சிவப்புப் புள்ளியையும் அழிச்சிடு."

பதினோரு வருஷமாக அந்த அலமாரியைத் துடைக்கும் தினக்கூலி சீனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அது குட்டி இல்லீங்க."

மாணவர்கள் சிரித்தார்கள்.

"அப்படியா தாயே? அப்போ இதை வளர்த்துக் காட்டு. இதுக்கு மேல வளராதுன்னு நான் கண்ணால பார்க்கணும். முடியலன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

செத்த மானை எங்கே போய் வளர்ப்பது? சீனியம்மா அசரவில்லை. மண்டையோட்டின் கீழ்த்தாடையை அவர் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள்.

"நான் எதுக்குய்யா வளர்க்கணும்? அது வளர்ந்து முடிச்சுக் கிழவியும் ஆயிருச்சு. கடைவாய்ப் பல் ஒண்ணு பாக்கியில்லாம முளைச்சு, மேடு பள்ளம் தெரியாமத் தேஞ்சு கிடக்கு பாருங்க. பால்குடி மறக்காத குட்டிக்கு இப்படியா தேயும்?"

பூதக்கண்ணாடி வந்தது. வேதமூர்த்தி பார்த்தார், மறுபடியும் பார்த்தார். சிரித்த மாணவர்கள் இப்போது அவரைப் பார்த்தார்கள். பிய்த்த சீட்டை அவர் கையாலேயே திரும்ப ஒட்டினார். சிவப்புப் புள்ளியும் பெரு மலைமேலேயே தங்கியது.

"இதெல்லாம் எந்தக் கல்லூரியில படிச்சே?"

"எட்டயபுரம் ஆட்டுச் சந்தையிலய்யா. அங்கே வாயைத் திறந்து பார்க்காம வயசு சொல்றவங்க தலையிலதான் கிழட்டு ஆட்டைக் கட்டுவாங்க."