தப்பு பூஜ்ஜியம்

கோமதிநாயகி முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற மறுவருடம் கணவர் சிதம்பரநாதனுக்குப் பக்கவாதம் வந்தது. கைத்தடி ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் செய்த மனிதர் அவர்.

மிஞ்சியது ஐந்து முனகல்கள். தண்ணீருக்கு ஒன்று, காபிக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று, படுக்க ஒன்று, ஃபேன் போட ஒன்று. மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கோமதிநாயகிக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். அதனால் இரண்டு வருடமாக அவர் தெருமுனைக் கடையைத் தாண்டிப் போனதில்லை. ஞாயிறு மதியம் சிதம்பரநாதன் சாப்பிட்டுத் தூங்கும் இரண்டு மணி நேரம்தான் விதிவிலக்கு. அப்போது பக்கத்து வீட்டு பல்கீஸ் வந்து உட்கார்ந்திருப்பாள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் நூலகத்து மாடிக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஜெனிட்டா என்ற பெண் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி சொல்லிக்கொடுத்தாள். வயது இருபத்தேழு. வருகிறவர்கள் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள்.

"நீங்க என்ன கத்துக்க வந்திருக்கீங்கம்மா?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் சத்தத்தை ஃபோன் புரிஞ்சுக்கிடணும் டீச்சர். அதுக்கு நியூரல் நெட்வொர்க்னு, தானா கத்துக்கிடுற புரோகிராம் ஒண்ணு செய்யணுமாம். அதைச் செய்யணும்."

"புரோகிராம் எழுதியிருக்கீங்களா?"

"இல்ல. டைப் அடிப்பேன்."

ஜெனிட்டா சிரிக்கவில்லை. தன் நாற்காலியை நகர்த்தி, அவருக்கு முதல் வரிசையில் இடம் போட்டாள்.

மூன்று மாதம் போனது. விட்டுப்போன அடைப்புக்குறியைக் கண்டுபிடிப்பதில் கோமதிநாயகியை யாரும் முந்த முடியவில்லை. பிள்ளைகள் தங்கள் திரையைத் திருப்பி அவரிடம் காட்டுவார்கள். அவர் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புவார்.

ஒருநாள் கேட்டார்: "நியூரான்னா என்ன டீச்சர்?"

"சாயங்காலம் மழை வருமான்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"மேகத்தைப் பாப்பேன். காத்தைப் பாப்பேன்."

"எதை அதிகம் நம்புவீங்க?"

"காத்தை."

"எவ்வளவு?"

கோமதிநாயகி யோசித்தார். "மேகத்தை ஒரு பங்கு நம்பினா, காத்தை மூணு பங்கு."

"அதை எழுதுங்க. பெருக்கிக் கூட்டுங்க. அதுதான் நியூரான்."

இரண்டு வரியில் முடிந்துவிட்டது. கோமதிநாயகி அந்த இரண்டு வரியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தத்துக்கு எந்தப் பங்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதே?"

"யாருக்கும் தெரியாது. முதல்ல ஏதாவது ஒரு நம்பர் போடணும். அது ஒரு பதில் சொல்லும். எவ்வளவு தப்புன்னு பாத்து, நம்பரைக் கொஞ்சம் மாத்தும். மறுபடி சொல்லும். மறுபடி மாத்தும்."

"ஏதாவது நம்பர்னா, வாய்க்கு வந்ததா?"

"வாய்க்கு வந்ததுதான்."

"கோர்ட்டுல அப்படி அடிச்சா வேலை போயிரும் டீச்சர்."

"இங்க அப்படி அடிக்கலேன்னா வேலை ஆரம்பிக்காது."

கோமதிநாயகி மனமில்லாமல் அடித்தார்.

வீட்டில் காலைதோறும் கணவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பதிவு செய்தார். "தண்ணி சொல்லுங்க" என்பார். அவர் முனகுவார். "இப்போ ஃபேன்" என்பார். அவர் முனகுவார். ஒவ்வொன்றும் நாற்பது தடவை, மொத்தம் இருநூறு. ஒவ்வொரு முனகலையும் எண்களாக்கி, எந்த எண் எதற்கு என்று பெயரிட்டு, நெட்வொர்க்கிடம் கொடுத்தார்.

திரையில் தப்பின் அளவு ஓடியது. முதலில் பெரிய எண். பிறகு பாதி. பிறகு கால். அவர் மேலும் நியூரான் அடுக்குகளைச் சேர்த்தார், மேலும் ஓடவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பூஜ்ஜியத்தில் போய் நின்றது.

முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஒரு சுத்தமான பக்கத்தை அவர் பார்த்ததில்லை. மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஜெனிட்டாவிடம் காட்டினார்.

ஜெனிட்டா பூஜ்ஜியத்தைப் பார்த்தாள். "வீட்டுல வச்சுப் பாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அதை ஃபோனில் ஏற்றினார். ஃபோன் உளறியது. தண்ணீருக்குக் காபி என்றது. படுக்க வேண்டும் என்றால் பாத்ரூம் என்றது. சிதம்பரநாதன் ஃபோனைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார், பிறகு இரண்டு பேரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

கோமதிநாயகி மூன்று நாள் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். நாலாம் நாள் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தார். ஃபோன் அதே மாதிரி உளறியது.

"ஒரு எழுத்துகூட நான் தப்பா அடிக்கல டீச்சர்" என்றார் அடுத்த ஞாயிறு.

"தெரியும்."

"தப்பு பூஜ்ஜியம்னு காட்டுச்சே."

"நீங்க குடுத்த இருநூறு சத்தத்துல பூஜ்ஜியம். அதை மட்டும் மனப்பாடம் பண்ணிருச்சு."

"அப்போ தப்பு எங்கதான் இருக்கு?"

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டாள்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு வந்தாள். சிதம்பரநாதனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு மணி நேரத்துக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எது நடந்தாலும் சொல்லக் கூடாது."

கோமதிநாயகி சமையலறை வாசலில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து சிதம்பரநாதன் முனகினார். ஃபேன் என்று கோமதிநாயகியின் நாக்கு வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஜெனிட்டா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். காபியா என்று கேட்டாள். இல்லை. செய்தித்தாளை நீட்டினாள். இல்லை. தலையணையைச் சரி செய்தாள். இல்லை. தொலைக்காட்சியைப் போட்டாள், அணைத்தாள். வேண்டுமென்றே அவருடைய செருப்பை எடுத்து வந்து காட்டினாள். அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவர் மறுபடி முனகினார், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

ஜெனிட்டா ஃபேனைப் போட்டாள். கோமதிநாயகி மூச்சு விட்டார்.

சிதம்பரநாதன் தலையை ஆட்டினார். இல்லை.

கோமதிநாயகி ஓரடி முன்னால் வந்தார். ஜெனிட்டா திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள். ஃபேனுடைய சுவிட்சுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. தூசி வருகிறது என்று எப்போதும் சாத்தியே இருக்கும் ஜன்னல். ஜெனிட்டா அதைத் திறந்தாள். நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

தெருமுனையில் பாபநாசம் போகிற பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. சிதம்பரநாதன் இடது கையைத் தூக்கி அதற்கு வழியனுப்பினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பில் பக்கவாதம் எதுவும் இல்லை.

ஒரு மணி நேரம் முடியவில்லை. ஆனாலும் கோமதிநாயகி பேசிவிட்டார்.

"ரெண்டு வருசமா ஃபேனைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

சிதம்பரநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

"மார்கழியில கூடப் போட்டேனே. நீங்க வேண்டாம்னு ஒரு தடவை தலையாட்டியிருக்கக் கூடாதா?"

அவர் இடது கையை விரித்துக் காட்டினார். எத்தனை தடவை ஆட்டுவது என்பது போல இருந்தது. கோமதிநாயகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனிட்டா ஃபேனை அணைத்துவிட்டு, காபி கேட்டாள்.

அன்றைக்கே கோமதிநாயகி இருநூறு பதிவுகளையும் அழித்தார். கணவரை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ஃபோனை நாற்காலியின் கைப்பிடியில் கட்டி வைத்தார். அவருக்கு உண்மையாகவே ஏதாவது வேண்டியிருந்து முனகும்போது ஃபோன் ஒரு பதில் சொல்லும். தப்பு என்றால் அவர் தலையாட்டுவார். அப்புறம் கோமதிநாயகி ஒன்று சொல்வார். அதுவும் தப்பு என்றால் மறுபடி தலையாட்டுவார். கடைசியில் அவர் ஆமாம் என்றதை மட்டும் கோமதிநாயகி பதிவில் சேர்த்துக்கொள்வார்.

சிதம்பரநாதனுக்கு இது பிடித்துப்போயிற்று. ஃபோனும் மனைவியும் மாறி மாறித் தோற்பதைப் பார்க்கக் காலையில் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்தார். ஒருநாள் என்ன சொன்னாலும் இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் சும்மா ஒரு சத்தம் போட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். கோமதிநாயகி அவர் தோளில் ஒன்று போட்டார்.

இரண்டு மாதத்தில் ஐந்து முனகல் ஒன்பது ஆனது. ஜன்னலுக்கு ஒன்று, நிஜமாகவே ஃபேன் போட ஒன்று. பாட்டுப் போட ஒன்று. முதுகு சொறிய ஒன்று. புது ஆட்கள் வருகிறார்கள், சட்டையை மாட்டிவிடு என்பதற்கு ஒன்று.

திரையில் தப்பின் அளவு பூஜ்ஜியத்துக்கு வரவே இல்லை. ஒரு இடத்தில் வந்து அங்கேயே தயங்கி நின்றது.

ஆவணியில் தங்கை மகளுக்கு அம்பாசமுத்திரத்தில் வளைகாப்பு. கோமதிநாயகி காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினார். அன்று முழுக்கச் சிதம்பரநாதனும் ஃபோனும் பல்கீஸின் பொறுப்பு. அவர் வளையல் அடுக்கினார், பாடினார், ஐந்து வகைச் சாதமும் சாப்பிட்டார். ஒரு தடவைகூட வீட்டுக்குப் பேசவில்லை என்பது திரும்பி வரும் பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு, பல்கீஸ் குறித்து வைத்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெனிட்டா முன்னால் உட்கார்ந்தார்.

"பதினோரு தடவை கேட்டிருக்காரு டீச்சர். எட்டு சரி. மூணு தப்பு."

"நல்லாயிருக்கே."

"அந்த மூணையும் சரி பண்ணணும். இன்னொரு அடுக்கு போடட்டுமா, இல்ல இன்னும் பதிவு சேர்க்கட்டுமா?"

"அந்த மூணு தடவையும் பல்கீஸ் என்ன செஞ்சாங்க?"

"என்ன செய்வா, ஃபோனை ஓரமா வச்சிட்டுப் பக்கத்துல போய் உக்காந்திருக்கா. என்ன அண்ணாச்சி வேணும்னு முகத்தைப் பாத்துக் கேட்டிருக்கா. இதுவா, அதுவான்னு ஒவ்வொண்ணா. ஒரு தடவை அப்படியே அரை மணி நேரம் ஆயிட்டாம். நான் வரும்போது ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எதுக்குன்னு கேட்டா அவளுக்கும் சொல்லத் தெரியல."

ஜெனிட்டா நோட்டை வாங்கி மூடினாள்.

"அந்த மூணையும் அப்படியே விட்டு வைங்கம்மா."