கடைசிப் பெயருக்குக் கீழே

எங்கள் அலுவலகத்தில் குரு, சீடன் என்றெல்லாம் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நஸ்ரினுக்கு இருபத்தொன்பது வயது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெர்க்மான்ஸுக்கு ஐம்பத்தாறு. தபால் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கற்றுக்கொண்ட வேலை இதுதான். இணையப் பக்கத்துக்கு வருகிறவர்களின் விரல் எங்கெங்கே படுகிறது என்று ஒரு மென்பொருள் குறித்துக்கொள்ளும். அதிகம் பட்ட இடத்தைச் சிவப்பாகவும் படாத இடத்தை நீலமாகவும் காட்டும். அதை ஹீட்மேப் என்பார்கள். சிவப்பு இருக்கும் இடத்தில் முக்கியமானதை வைக்க வேண்டும் என்பது நஸ்ரின் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பெர்க்மான்ஸ் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் புயல். கடலுக்குப் போன படகுகள் பல திரும்பவில்லை. கரை சேரும் ஒவ்வொரு படகின் பெயரையும் உடனுக்குடன் போட ஒரு பக்கம் வேண்டும் என்று மீன்வளத் துறையிலிருந்து எங்களைக் கேட்டார்கள். செய்து கொடுத்தோம். வெறும் பட்டியல்தான்.

மூன்றாம் நாள் இன்னும் பத்தொன்பது படகுகள் வர வேண்டியிருந்தது. அன்று காலை அந்தத் துறை அதிகாரி ஒருவர் போன் செய்தார். காணாமற்போனவர்களின் குடும்பத்துக்கு ஒரு நிவாரணப் படிவம் வந்திருக்கிறது. அதை அதே பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, மூன்று மணிக்குள் வைக்க வேண்டும்.

பெர்க்மான்ஸ் ஹீட்மேப்பைத் திறந்தார்.

"மேடம், இதுல ஏதோ கோளாறு."

"என்ன சார்?"

"கடைசிப் பேருக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, வெள்ளை இடம். அங்க போய் அமுக்கியிருக்காங்க. பக்கத்துலயே அதுதான் நல்ல சிவப்பு."

"எத்தனை தடவை?"

"நாப்பதாயிரத்துக்கு மேல."

நஸ்ரின் எழுந்து வந்து பார்த்தாள். கோளாறு ஒன்றும் இல்லை என்றாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. படிவத்தை அங்கயே வச்சிடறேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே."

"வைங்க. சோதனைப் பக்கத்துல வச்சு என் போனுக்கு அனுப்புங்க."

பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். மனிதர் வேலையில் படு சுத்தம்.

அதற்குள் நஸ்ரின் மூன்று நாள் ஹீட்மேப்பையும் மணிக்கு ஒன்றாக எடுத்து வரிசைப்படுத்தியிருந்தாள். "முதல்ல இதைப் பாருங்க" என்று ஓடவிட்டாள்.

முதல் மணி நேரத்தில் பட்டியலில் நான்கு பெயர்கள். சிவப்பு நான்காவதற்குக் கீழே இருந்தது. ஐந்தாவது படகு கரை சேர்ந்ததும் சிவப்பு ஒரு வரி இறங்கியது. ஆறாவது வந்தது, இன்னொரு வரி. இரவு பகல் என்று நிற்கவே இல்லை. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த வீட்டிலோ இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காத அத்தனை விரல்களும் ஒன்றாக ஒரு வரி இறங்கின. அடுத்த பெயர் வர வேண்டிய இடத்தில் மறுபடி விழுந்தன. பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

பெர்க்மான்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அமுக்குனா பேரு வந்துரும்னு நினைக்கிறாங்களா மேடம்?"

"வராதுன்னு அவங்களுக்கும் தெரியும் சார்."

அவள் தன் போனை அவரிடம் நீட்டினாள். அதில் அவர் செய்த சோதனைப் பக்கம் இருந்தது.

"உங்க மகன் பேரு என்ன?"

"ஜோவின். ஷார்ஜால வேலைல இருக்கான்."

"ஷார்ஜால இல்லன்னு வச்சுக்குங்க. திங்கக்கிழமை கடலுக்குப் போனார். படகு பேரு சகாய மாதா. தேடுங்க."

அவர் லேசாகச் சிரித்தார். ஆனாலும் போனை வாங்கிக்கொண்டார். பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். இல்லை. திரும்ப மேலே போய், இந்த முறை ஒவ்வொரு பெயரையும் முணுமுணுத்தபடி மெதுவாக வந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. கடைசிப் பெயரைத் தாண்டியதும் யாரும் சொல்லாமலே அவர் கட்டைவிரல் அதன் கீழே போய் அமுக்கியது.

படிவம் திறந்தது. முதல் வரியில் 'காணாமற்போனவரின் பெயர்' என்று இருந்தது. அதற்கு எதிரே ஒரு காலிக் கட்டம், அதற்குள் எழுதச் சொல்லி ஒரு சிறு கோடு மின்னிக்கொண்டிருந்தது.

பெர்க்மான்ஸ் போனை மேசைமேல் குப்புற வைத்தார். மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது.

"படிவத்தைத் தலைப்புக்குப் பக்கத்துல வச்சிடறேன் மேடம். வேணுங்கிறவங்க கண்ணுக்குப் படும்."

"சரி சார்."

அவர் பழையபடி திரையைப் பார்த்தார். சிவப்பு அங்கேயேதான் இருந்தது.

"அப்ப இந்த இடத்துல என்ன வைக்கட்டும்?"

"அடுத்த படகோட பேரு, சார். அது வர்ற வரைக்கும் விட்டு வைங்க."