ஏழு எம்பி

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில், ஹபீபா என்றொரு குரு இருந்தாள். வயது முப்பத்தொன்று. கம்ப்யூட்டர்களை உதிரி உதிரியாக வாங்கி, கோத்துக் கொடுப்பது அவள் தொழில். சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்து நாலு.

தணிகாசலம் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாக இருந்தவர். கல்லூரியை இழுத்து மூடியதும், "எனக்கும் சொல்லிக் குடும்மா" என்று மாடியேறி வந்து நின்றார். அவளைக் 'குருவே' என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான். பிறகு அதுவே பழகிவிட்டது. அவள் அவரை 'அண்ணே' என்பாள்.

ஒரு நாள் சீடர் கேட்டார்.

"குருவே, மேக் மாதிரி சிஸ்டம் கோக்கறதுக்கு எது நல்ல கிராபிக்ஸ் கார்டு?"

ஹபீபா ஒரு மதர்போர்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டத்தைக் கேளுங்கண்ணே."

"சிஸ்டம் பேசுமா?"

"பேசும்."

அவ்வளவுதான். மறுபடியும் தூசி தட்டப் போய்விட்டாள். குரு என்று ஆகிவிட்டால் இப்படித்தான் பேசவேண்டும் போலிருக்கிறது என்று சீடர் நினைத்துக்கொண்டார்.

கேள்வி சும்மா வரவில்லை. அவர் முதன்முதலாகத் தனியாகக் கோக்கப்போகும் மெஷின் அது. கேட்டு வந்த பெண்ணின் பெயர் அருள்மொழி. உப்பளத்துப் பெண்களைப் பற்றி மூன்று வருஷம் வெயிலில் அலைந்து ஒரு படம் எடுத்திருந்தாள். ஒரு விழாவில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முழுப் படம் போய்ச் சேரவேண்டும். தவறினால் அந்த இடம் வேறு படத்துக்கு.

அவள் எடிட்டிங் செய்து வைத்திருந்தது மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும். மேக் வாங்க வசதியில்லை. கடையில் கிடைக்கும் பாகங்களைக் கோத்து, மேக்கின் சிஸ்டத்தை அதில் ஏற்றித் தருவதாகத் தணிகாசலம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் குரு ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போய்விட்டாள். சீடர் யூடியூபில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எல்லாரும் ஆகா ஓகோ என்ற கார்டாகப் பார்த்து வாங்கி வந்தார். மூன்று விசிறி. பன்னிரண்டு ஜிபி மெமரி. கையில் தூக்கினாலே கனத்தது.

மாட்டினார். திரையில் படம் வந்துவிட்டது. ஆனால் கார்டின் பெயர் வரவேண்டிய இடத்தில், 'டிஸ்ப்ளே, ஏழு எம்பி' என்று மட்டும் இருந்தது.

பன்னிரண்டு ஜிபி எங்கே, ஏழு எம்பி எங்கே. ஆயிரம் எம்பி சேர்ந்தால்தான் ஒரு ஜிபி. இரண்டு முறை கழற்றி மாட்டினார். அதே ஏழு எம்பி.

பிறகு எங்கேயோ தேடி ஒரு வழி கண்டுபிடித்தார். செட்டிங்ஸ் ஃபைலில் ஓரிடத்தில் நாம் எந்தப் பெயரை எழுதினாலும் சிஸ்டம் அதை அப்படியே காட்டும். கார்டின் முழுப் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார். ரீஸ்டார்ட் செய்தார். பெயர் ஜம்மென்று வந்து நின்றது. பக்கத்தில் ஏழு எம்பியும் நின்றது. பெயரே வந்துவிட்டது, இது என்ன பிரமாதம் என்று விட்டுவிட்டார்.

அன்று மாலை அருள்மொழி வந்தாள். பெயரைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், பக்கத்துல ஏழு எம்பின்னு போட்டிருக்கே?"

"அது போகப் போகச் சரியாயிரும்மா. நாளன்னைக்கு வந்து உக்காரு."

"அப்ப சரி. ஃப்ரெண்டு ஒருத்தி தன்னோட மேக்கைப் பத்து நாளைக்குத் தர்றேன்னா. வேணாம்னு சொல்லிர்றேன். நாளைக்கு அவ பெங்களூர் கிளம்புறா."

"தாராளமாச் சொல்லும்மா" என்றார் தணிகாசலம்.

புதன்கிழமை காலை ஹபீபா திரும்பி வந்தாள். சீடர் பெருமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. பெயரையும் பார்க்கவில்லை. திரையில் இருந்த ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தாள். அது விக்கி விக்கி நகர்ந்தது. அடியிலிருந்த பட்டையைப் பார்த்தாள். பின்னாலுள்ள படம் கண்ணாடி வழியே தெரிவதுபோல் அதில் தெரியவேண்டும். சாம்பல் அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"அந்தப் பொண்ணோட படத்தைத் தொறந்து பாத்தீங்களாண்ணே?"

"பேரு வந்துருச்சே குருவே."

"தொறங்க."

திறந்தார். இந்த கிராபிக்ஸ் கார்டில் இயங்க முடியாது என்று ஒரு வரி வந்தது. சரி என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எல்லாமே மூடிக்கொண்டது.

"கார்டு போலியா குருவே?"

"நல்ல கார்டுண்ணே. கேம் ஆடுற பையன்களுக்குக் குடுத்தா பறக்கும். இந்த சிஸ்டத்துக்குள்ள சில கார்டுகளை ஓட்டுறதுக்குத்தான் ப்ரோகிராம் இருக்கு. அந்த வரிசையில இது இல்ல. ஓட்டத் தெரியாததால வெறும் படத்தை மட்டும் காட்டிட்டு நிக்குது."

"வேற கார்டு?"

"இந்த சிஸ்டத்துக்குத் தெரிஞ்சது இப்ப மதுரைக் கடையில எதுவும் இல்ல. இன்னைக்கு ஆர்டர் போட்டா சனிக்கிழமை வரும்."

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெங்களூருக்குப் போய்விட்ட அந்த மேக் ஞாபகம் வந்தது. அதை அவர் குருவிடம் சொல்லிவிட்டார்.

ஹபீபா தன் மேஜைக்குப் போய், தன் மெஷினை அணைத்து, மூடியைக் கழற்றினாள். அவள் மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடும். உள்ளே எவ்வளவு பெரிய கார்டு இருக்குமோ என்று சீடர் பலநாள் யோசித்ததுண்டு. வெளியே வந்தது பழைய கார்டு. ஒரு விசிறி கழன்று, கேபிள் கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் கட்டியிருந்தது.

"இதா?"

"இதுதான்."

"அப்ப உங்க மெஷினு?"

"கார்டு இல்லாமலும் மெயில் பாக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் போதும்."

பெரிய கார்டை எடுத்துவிட்டு அதை மாட்டினாள். சீடர் எழுதிய பெயரையும் ஃபைலிலிருந்து அழித்தாள். திரை வந்தது. அடிப்பட்டையில் பின்னாலிருந்த மலையும் வானமும் மங்கலாகத் தெரிந்தன. பழைய கார்டின் சொந்தப் பெயர் தானாக வந்திருந்தது. பக்கத்தில் எட்டு ஜிபி.

படம் திறந்தது. வெள்ளை வெளேரென்ற உப்பு, தலையில் கூடையோடு நான்கு பெண்கள். விக்காமல் நடந்தார்கள்.

மத்தியானம் அருள்மொழி வந்தாள். படம் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பெயர் வரும் இடத்தைத் திறந்தாள். தன் போனைப் பார்த்தாள்.

"அங்கிள், அன்னைக்கு வேற பேரு காட்டுச்சே?"

தணிகாசலம் குருவைப் பார்த்தார். குரு தன் மெஷினின் மூடியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அது நான் எழுதினதும்மா" என்றார். "அந்தக் கார்டு ஓடவே இல்ல. இது குருவோட கார்டு."

அருள்மொழி போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டு நாளும் அவள் அவரிடம் பேசவில்லை. டீ வாங்கி வைத்தார். குடித்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. அருள்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வர்றேன்க்கா" என்று ஹபீபாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தணிகாசலத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. குருவிடம் கேட்டார்.

"சிஸ்டத்தைக் கேளுங்கன்னீங்களே குருவே. அது வாயே திறக்கலையே."

"ஏழு எம்பின்னு சொல்லுச்சுல்லண்ணே."

சீடர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"பேருதானே எழுதினேன். யாரையும் ஏமாத்தணும்னு எழுதல."

ஹபீபா பெரிய கார்டை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"நீங்க எழுதினதை சிஸ்டம் நம்பலண்ணே. அந்தப் பொண்ணு நம்பிருச்சு."